விபுலாநந்த அடிகளாரும் வாவிக்கரைப் பிள்ளைகளின் பள்ளி வரவும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழும் தமிழ் மக்கள் தம் இல்லங்களிலும் பாடசாலைகளிலும் படம் வைத்துப் போற்றும் பெரியார் சுவாமி விபுலாநந்த அடிகளார் ஆவர். யாழ்நூல் இயற்றிய இசைப்பேராசான் என்றும், இரு பல்கலைக்கழகங்களில் முதன்முதலாகத் தமிழ்ப் பேராசிரியர் பதவியை அணிசெய்தவர் என்றும், இராமகிருஷ்ண சங்கத்துத் துறவி என்றும் அவரை அறியாதார் நம்மிடையே இலர். ஆயினும் இப்புகழ்களுக்கெல்லாம் அடியில், வேர்போல மறைந்து கிடக்கும் பணியொன்று உண்டு. பிள்ளைகள் நாள்தோறும் பாடசாலைக்கு வருதற்குத் தடையாய் நின்றவற்றை ஒவ்வொன்றாக அகற்ற முயன்ற பணியே அது.

பழைய மாணவர் சங்கத்தார் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென நம்மைக் கேட்டபொழுது, அப்பணியை நடுவாக வைத்து அடிகளாரின் வரலாற்றைச் சொல்லவே நம் மனம் விழைந்தது. காலைதோறும் வரவு இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடும் தொழில் நம்முடையது. கூப்பிட்ட பெயருக்கு விடை வராத கணத்தில் ஓர் ஆசிரியன் உள்ளத்தில் எழும் வினாவுக்கு அடிகளாரின் வாழ்வில் விடை இருக்கின்றது என்பது நம் துணிபு.

பிறப்பும் இளமையும்

அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்ததும், இந்நாளில் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்ததுமான காரைதீவு என்னும் கடற்கரையூரில், சாமித்தம்பி என்பாருக்கும் கண்ணம்மை என்பாருக்கும் மகனாக 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் அடிகளார் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். ஊரில் குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் எழுத்தறிந்த பின்னர், கல்முனையில் மெதடிஸ்த சங்கத்தாரின் பாடசாலையிலும், அதன்பின் மட்டக்களப்பு நகரிலுள்ள புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்றார்.

இவ்வாறு ஒரே வரியிற் சொல்லிவிடுதல் எளிது. அக்காலத்தை எண்ணிப் பார்த்தாலன்றோ அதன் அருமை விளங்கும்? காரைதீவிலிருந்து மட்டக்களப்பு நகரம் 25 மைலுக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ளது. நகரத்தை அடைய வாவியைக் கடத்தல் வேண்டும். இடைநிலைக் கல்வியை நாடும் சிற்றூர்ப் பிள்ளை, வீட்டைப் பிரிந்து நகரிலே தங்கினாலன்றி நாள்தோறும் வகுப்பிற் குந்தியிருத்தல் இயலாது. அங்ஙனம் தங்க வைத்துக் கற்பிக்கும் ஆற்றல் எல்லாப் பெற்றோருக்கும் வாய்த்திலது. மயில்வாகனனுக்கு அது வாய்த்தது. அவருடன் காரைதீவு மணலில் விளையாடிய எத்தனையோ சிறுவருக்கு அது வாய்க்கவில்லை. பிற்காலத்தில் அடிகளார் ஆற்றிய தொண்டினை நோக்குமிடத்து, இவ்வேறுபாட்டை அவர் என்றும் மறந்தாரல்லர் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

1908ஆம் ஆண்டில், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார்.

கற்றலும் கற்பித்தலும்

பரீட்சை முடிந்ததும் கற்றல் முடிந்தது என்று எண்ணுவோர் பலர். மயில்வாகனனார் அவ்வாறு எண்ணினாரல்லர். தாம் பயின்ற கல்லூரியிலேயே சிறிது காலம் ஆசிரியராயிருந்து, 1911இல் கொழும்பிலுள்ள அரசினர் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்து, 1912இல் பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளிவந்தார். கொழும்பில் வாழ்ந்த காலத்தில் தென்கோவைக் கந்தையாபிள்ளை அவர்களிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். மட்டக்களப்புக்கு மீண்டு கற்பித்த பின்னர், 1915இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் மறுபடியும் மாணவராய் அமர்ந்தார். 1916ஆம் ஆண்டு அவருக்கு இருபேறு தந்தது. விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டமும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் அவ்வோராண்டிலேயே எய்தின. இலங்கையரில் அப்பண்டிதப் பரீட்சையில் முதன்முதல் தேறியவர் அவரென்பர்.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அங்குக் கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பரீட்சைக்குப் படித்துத் தேறினார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி அவரைத் தேடி வந்தது.

மாணவச் செல்வர்கள் இவ்விடத்திற் சற்றே நின்று நோக்குவாராக. எட்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியராயிருந்தவர் இருமுறை மாணவராயினார். பகலிற் கற்பித்தவர் இரவிற் கற்றார். இவையனைத்தும் ஒருநாளைக் கிளர்ச்சியால் விளைவன அல்ல. நாளும் சிறிது சிறிதாக, இடைவிடாது வந்து சேர்வது கல்வி. இடையிடையே பத்து நாள் வராது பதினோராம் நாள் வந்தமர்கின்ற மாணவன், ஏணியிற் பத்துப் படிகளைக் கழற்றிவிட்டு மேலே ஏற முயல்வானை ஒப்பான். கணிதத்திலும் இலக்கணத்திலும் இவ்வுண்மையை அறியாத ஆசிரியர் இலர்.

துறவும் பள்ளிப் பொறுப்பும்

அதிபர் பதவியிலிருந்து மேன்மேலும் உயர வழியிருந்தும், 1922இல் அதனைத் துறந்து சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பிரமசரியப் பெயர் பெற்று, இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ் வெளியீட்டுக்கும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கில வெளியீட்டுக்கும் ஆசிரியராய்ப் பணியாற்றினார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆயினார்.

மயிலாப்பூர் வாழ்க்கையில் அவர் கண்டவற்றுள் ஒன்றை நாம் குறித்தல் வேண்டும். அவ்வூரிலே 1905ஆம் ஆண்டு முதல் இராமகிருஷ்ண மாணவர் இல்லம் இயங்கி வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறையுளும் கொடுத்து, பாடசாலைக் கல்வியையும் நடத்திவைக்கும் இல்லம் அது. வறுமையுற்ற பிள்ளைக்குக் கல்வியை மட்டும் கொடுத்தால் அக்கல்வி நில்லாது; சோற்றையும் கூட்டிக் கொடுத்தால் நிற்கும் என்னும் உண்மைக்கு அது கண்கண்ட சான்றாய் விளங்கிற்று.

1925இல் இலங்கைக்கு மீண்ட அடிகளார், இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகளைப் பேணும் பொறுப்பினை ஏற்றார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயமும், திருகோணமலை இந்துக் கல்லூரியும், மட்டக்களப்புப் பகுதியின் பல பாடசாலைகளும் அவர் கையால் வளர்ந்தன. துறவி என்றால் உலகக் கவலை அற்றவர் என்பர். பாடசாலை முகாமையாளரான துறவிக்கோ கூரை ஒழுகினாலும் கவலை; ஆசிரியர் சம்பளம் தாமதித்தாலும் கவலை; பிள்ளைகளின் தொகை குறைந்தாலும் கவலை. அடிகளார் இவற்றையெல்லாம் தவமெனவே கொண்டார்.

வாவிக்கரையின் இடையூறுகள்

மட்டக்களப்பு நாட்டை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாகப் பகுத்து வழங்குவர். ஞாயிறு எழும் திசையிற் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்டது எழுவான்கரை. ஞாயிறு படும் திசையில் வயலும் காடும் குளமும் நிறைந்தது படுவான்கரை. இரண்டுக்குமிடையே வாவி கிடக்கின்றது. அதில் தோணியும், இங்குப் பாதை என வழங்கும் மிதவையும் பன்னெடுங்காலம் போக்குவரவுக்குத் துணையாயின. கல்லடியில் லேடி மனிங் பாலம் எழுந்தது 1920களிலேயே. மண்முனைத் துறையிற் பாலம் திறக்கப்பட்டதோ 2014ஆம் ஆண்டில். மாரி பொழிந்து வாவி பெருகுங்காலத்தில் துறை கடத்தல் அஞ்சத்தக்கது. அந்நாட்களிற் பெற்ற தாய் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வதைக் குற்றமென யார் கூறுவார்?

நீர் ஒரு தடை. வயல் மற்றொரு தடை. வெள்ளாமை விதைத்த காலத்தும் கதிர் முற்றிய காலத்தும் குருவி கலைக்கவும், மாடு மேய்க்கவும், வாடிக்குச் சோறு கொண்டுபோகவும் சிறுவர் வேண்டப்பட்டனர். பெண்பிள்ளைகளுக்கு இவற்றோடு வேறொரு தடையும் இருந்தது. பருவம் எய்துமுன்னரே அவர்களைப் படிப்பினின்று நிறுத்திவிடும் வழக்கம் ஊர்தோறும் வேரூன்றியிருந்தது. இவை போதாவென்று, சாதி குறித்தும் சில பிள்ளைகளுக்குச் சில வாயில்கள் அடைபட்டிருந்தன.

சட்டம் இல்லாமலில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் பிள்ளைகளின் வரவைப் பற்றிப் பேசின. ஆனால், பிள்ளையை அனுப்பு என்று சட்டம் சொல்லலாம். வாவியைத் தூர்க்கவும் பசியைத் தீர்க்கவும் சட்டத்தால் இயலுமோ?

அடிகளார் பள்ளி வரவைப் பற்றித் தனிநூல் எழுதினாரல்லர். அவர் செய்தது செயல். பிள்ளை பாடசாலைக்கு வர இயலாதாயின், பாடசாலை பிள்ளைக்கு அணித்தாக வருதல் வேண்டும் என்பதே அச்செயலின் பொருளாக நாம் கொள்கின்றோம்.

மட்டக்களப்பு நகருக்குக் கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் நடுவே கல்லடி உப்போடையில், தம் குருநாதரின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1929ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. அந்நாளில் மணலும் பற்றையும் மண்டிக்கிடந்த நிலம் அது. அதனருகே மாணவர் இல்லமும் அமைந்தது. தாய் தந்தையரை இழந்தோரும், தொலைவூரிலிருந்து வந்த ஏழைகளும் அங்கு உண்டும் உறங்கியும் கற்றனர். இல்லத்தில் உறையும் பிள்ளைக்குப் பாதை கடக்கும் அச்சமில்லை, வயற்காவல் இல்லை, வெறுவயிற்றோடு வகுப்பில் அமரும் துன்பமில்லை. காலை மணி ஒலித்ததும் அவன் வகுப்பில் இருப்பான். வரவுக்கு இதனினும் சிறந்த மருந்து வேறில்லை.

பெண்கல்வியையும் அடிகளார் மறந்தாரல்லர். காரைதீவிலும், மட்டக்களப்பு ஆனைப்பந்தியிலும் சங்கத்தின் பெண்கள் பாடசாலைகள் நடைபெற்றன. தம் ஊரிலேயே, தமக்கு அறிமுகமான சூழலிலே, பெண்களுக்கென்றே ஒரு பாடசாலை அமைந்த பின்னர், மகளை அனுப்பத் தயங்கிய தந்தையின் காரணங்களுட் பாதி கழன்று வீழ்ந்தன. காலப்போக்கில் இலங்கையில் இராமகிருஷ்ண சங்கத்தின் பாடசாலைகள் இருபதுக்கும் மேற்பட்டுப் பெருகின. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அரசினர் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் வரை அவை சங்கத்தார் மேற்பார்வையில் நடந்தன.

சிதம்பரத்திலும் பிறவிடங்களிலும்

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராய் அடிகளார் அழைக்கப்பெற்றார். உயர்கல்வியின் உச்சியில் அமர்ந்திருந்த அந்நாட்களிலும், எழுத்தறியாத பிள்ளையை அவர் மறக்கவில்லை. பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள திருவேட்களத்தில், தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளிவைக்கப்பட்டிருந்த மக்களின் குடியிருப்புக்குத் தாமே சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். அச்செயலை விரும்பாதாரும் அக்காலத்தில் இருந்தனர். அடிகளார் அதனைப் பொருட்படுத்தினாரல்லர். பேராசிரியரின் வகுப்புக்கு வந்துசேர வழியற்ற பிள்ளையிடம் பேராசிரியரே நடந்து சென்றமை, வாவிக்கரையில் அவர் கைக்கொண்ட நெறியின் தொடர்ச்சியே.

மொழியும் ஒரு தடையாகலாம் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். விளங்காத மொழியிலே பாடம் நடந்தால் பிள்ளையின் உடல் வகுப்பில் இருக்கும். உள்ளம் வீட்டில் இருக்கும். அதுவும் வரவின்மையே. சென்னையில் 1936இல் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத் துறைகளுக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் வகுக்கும் பணியில் அவர் முன்னின்றமை இதனால் என்க. விஞ்ஞானப் பட்டமும் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்ற ஒருவருக்கன்றி வேறு யாருக்கு அப்பணி பொருந்தும்?

பின்னர் இமயச் சாரலிலுள்ள மாயாவதியில் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில வெளியீட்டின் ஆசிரியராய்ச் சில ஆண்டு பணிபுரிந்து, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பாடசாலைக் கட்டணம் என்னும் பழைய தடை வீழ்ந்ததைத் தம் இறுதிக் காலத்தில் அடிகளார் கண்டார்.

பல்லாண்டு ஆராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் வெளியீடாக, திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரங்கேறியது. வாவியில் நிலவுக்காலத்தில் எழும் இன்னிசையை நீரரமகளிர் பாடலாகக் கண்டு கவிதை செய்த அவர், அவ்விசையின் நுட்பம் தேடி முடித்த நூல் அது. அரங்கேற்றம் நிகழ்ந்து இரு திங்கள் நிரம்புமுன், அவ்வாண்டு ஜூலை மாதம் 19ஆம் நாள், அடிகளார் இறைவனடி சேர்ந்தார். அவர் திருமேனி கல்லடி உப்போடைக்குக் கொண்டுவரப்பட்டு, தாம் நிறுவிய வித்தியாலயத்தின் வளவிலேயே அடக்கம் செய்யப்பெற்றது. காலை மணி ஒலிக்கும்போது பிள்ளைகள் ஓடிவரும் ஓசை அச்சமாதியைச் சூழ்ந்து இன்றும் கேட்கின்றது.

நாம் கற்ற பாடம்

அடிகளாரின் வரலாற்றைப் படித்திருந்தும் அதன் பொருளை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். அதனை இங்குச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது.

போர் ஓய்ந்த சில ஆண்டுகளில், படுவான்கரைப் பாடசாலையொன்றில் ஏழாம் ஆண்டு வகுப்பு நம் பொறுப்பிலிருந்தது. அவ்வகுப்பில் ஒரு சிறுவன் மூன்று நாள் வருவான். இரண்டு நாள் வாரான். வினவினால் தலைகுனிவான். அவன் பெயருக்கு நேரே சிவப்புக் குறிகள் பெருகின. மடியன் என்று முடிவு செய்து, வகுப்பின் முன் அவனை நாணச் செய்தோம். ஒருநாள் முழுவதும் வாசலில் நிறுத்தினோம். மறுவாரம் அவன் ஒருநாளும் வரவில்லை.

அதன்பின்னரே அவன் வீட்டுக்குச் சென்றோம். தாய் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போயிருந்தார். தந்தை இலர். அவன் பெத்தா என்றழைக்கும் பாட்டியார் வெள்ளாமை வெட்டுக்குக் கூலியாகப் போகும் நாட்களில், மூன்று வயதுத் தங்கையை அவனே பார்த்துக்கொண்டான். நாம் சென்ற வேளையில் தங்கைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தான். அருகில் தமிழ்ப் புத்தகம் திறந்து கிடந்தது. நாம் வாசலில் நிறுத்திய பிள்ளை, ஒரு குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்த பிள்ளை.

அதிபரோடும் ஊரின் பாலர் பாடசாலை ஆசிரியையோடும் பேசி, தங்கையை அங்குச் சேர்த்தோம். வயது நிரம்பவில்லை என்று ஒருவரும் வாதிடவில்லை. அடுத்த தவணையில் அவன் வராத நாட்கள் நான்கே. நமக்கு ஆன செலவு ஒரு மாலைப்பொழுதும் துவிச்சக்கர வண்டிப் பயணமும் மட்டுமே. அன்றுதொட்டு, மூன்று நாள் தொடர்ந்து வாராத பிள்ளையின் வீட்டைத் தேடிச் செல்வதை நாம் வழக்கமாக்கிக்கொண்டோம்.

இன்றைய கடமை

1978ஆம் ஆண்டுச் சூறாவளியும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், நெடும்போரும் இவ்வாவிக்கரைப் பாடசாலைகளை மீண்டும் மீண்டும் மூடவைத்தன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்று மூடவைத்தது. 2022இல் நேர்ந்த பொருளாதார நெருக்கடியில் எரிபொருளின்றிப் பாடசாலைகள் அடைபட்டன; பல வீடுகளில் அடுப்பும் அணைந்தது. ஒவ்வொரு முறையும் கதவு மீளத் திறந்தபோது, எல்லாப் பிள்ளைகளும் மீளவில்லை. வாடிக்கும் கடைக்கும் போனவர் போனவரே.

ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரை பாடசாலைக்குச் செல்லுதல் கட்டாயம் என்று 1997இல் விதிக்கப்பட்டது. 2016இல் அவ்வெல்லை பதினாறு வயதாக உயர்ந்தது. விதி நன்று. ஆயினும் அடிகளாரின் காலத்துச் சட்டத்துக்கு இருந்த குறையே இதற்கும் உண்டு. விதி வாசல் வரையே வரும். வீட்டினுள் நுழைந்து காரணத்தை அறிவது மனிதர் கடன்.

மாணவர்களே, வராத ஒரு நாளை மறுநாள் நிரப்பலாம் என்று எண்ணாதீர். காரணமின்றி வீட்டில் நிற்கும் நாள், வர விரும்பியும் இயலாத ஒரு பிள்ளையின் இருக்கையை ஏளனம் செய்வதாகும். பெற்றோர்களே, ஒருநாட் கூலிக்காகப் பிள்ளையின் ஓராண்டை விற்றுவிடாதீர். ஆசிரியத் தோழர்களே, சிவப்புக் குறி ஒரு கேள்வி, அது தீர்ப்பன்று. பழைய மாணவர்களாகிய அன்பர்களே, விழாவின் மேளமும் விருந்தும் ஓய்ந்த பின்னர், நம் கல்லூரியில் அடிக்கடி வாராத பிள்ளைகளின் பெயர்களை அதிபரிடம் கேட்டறியுங்கள். ஒருவனுக்குத் துவிச்சக்கர வண்டி தேவைப்படலாம்; ஒருவனுக்குக் காலையுணவு; ஒருவனுக்கு மாற்றுச் சீருடை. கற்சிலையினும் இவ்வுதவியே அடிகளாருக்கு உகந்த நினைவுச்சின்னமாகும்.

காரைதீவிற் பிறந்த ஒரு சிறுவன் தொலைவூர் சென்று தவறாது கற்றமையால் தமிழுலகுக்கு ஒரு பேரறிஞர் கிடைத்தார். இன்று நம் இடாப்பில் விடை வராத பெயர்களுள் மற்றொரு மயில்வாகனன் இல்லையென்று நாம் எங்ஙனம் அறிவோம்? நாளைக் காலை அப்பெயரைக் கூப்பிடும்போது விடை வருமாறு செய்தல் நம் அனைவர்க்கும் கடனாகும்.

வாழ்க அடிகளார் நாமம்! வளர்க வாவிக்கரைக் கல்வி!